இரண்டாம் எண்

அண்ணன் இறந்து நாலு மாதம் கழித்து, அவருடைய கம்ப்யூட்டரும் பதினேழு அட்டைப்பெட்டிகளும் தங்கை வீட்டுக்கு வந்து இறங்கின. பெட்டி நிறைய உறைகள். கம்ப்யூட்டருக்குள் வம்சாவளி மென்பொருள், அதற்குள் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர். மின்சார மீட்டர் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷனுக்குப் பதினோரு வருஷமாக இதே வேலை. ஓர் ஆளைச் சேர்த்தால் மென்பொருள் ஓர் எண் கொடுக்கும். அதே எண்ணை ஓர் உறைமேல் எழுதி, அந்த ஆளுடைய சான்றிதழ், கடிதம், போட்டோ எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுவார்.

மிச்ச வேலையை யார் முடிப்பது என்ற பேச்சே எழவில்லை. அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவள் வீட்டில் இருக்கும்போது வேறு யார்? கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் காற்புள்ளியைப் பார்க்கிறவள். அண்ணன் அவளைக் கூப்பிடுவதே "சிவப்புப் பேனா" என்றுதான்.

அவசரம் அம்மாவால் வந்தது. எண்பத்தொன்பது வயது. ஒரு கண் போய்விட்டது, மறு கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. "பார்க்கணும்னு ஆசைப்படறதையெல்லாம் ரெண்டு மாசத்துக்குள்ள காட்டிடுங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என் பையன் செஞ்சு வெச்சதைத் தாள்ல போட்டுக் காட்டு. ஒரு ஆள் விடாம."

முதல் நாளே மென்பொருள் ஒரு பட்டியலை நீட்டியது: ஒரே ஆளாக இருக்கலாம் என்று முப்பத்தேழு ஜோடிகள். அவளுக்குக் கை பரபரத்தது. அண்ணன் ஆசை ஆசையாகச் சேர்த்திருக்கிறாரே ஒழிய, திரும்பிப் பார்க்கவில்லை என்று முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாக ஒன்றாக்கினாள். பதினோராவது ஜோடி அவளேதான். அதே பெயர், அதே அப்பா, அதே அம்மா. பிறந்த வருஷம் மட்டும் மூன்று வருஷம் தள்ளி. இறந்த தேதி இரண்டிலும் இல்லை.

"அட கடவுளே! கூடப் பிறந்தவ எப்பப் பொறந்தான்னுகூடத் தெரியாதா அண்ணா உனக்கு?" என்று திரையைப் பார்த்துச் சிரித்தாள். நாலு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. தன் வருஷத்தை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டாள். எந்த எண் போகிறது என்று பார்க்கவில்லை.

அப்புறம் உறைகள். ஒவ்வொரு காகிதத்தையும் ஸ்கேன் செய்து, கோப்புக்கு வருஷமும் எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்து, உரிய ஆளோடு இணைத்துக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாம் நாள், கடைசிப் பெட்டியின் அடியில் ஒரு மெல்லிய உறை கிடைத்தது. மேலே "2" என்று எழுதியிருந்தது. மென்பொருளில் தேடினாள். அந்த எண்ணில் யாரும் இல்லை என்றது. ஒன்று அண்ணன். மூன்று அவள். அப்பாவும் அம்மாவும்கூட நாலும் ஐந்தும்தான். இவர்களுக்கெல்லாம் முன்னால் அண்ணன் யாரைச் சேர்த்திருப்பார்?

உறைக்குள் ஓர் இறப்புச் சான்றிதழ். பெண் குழந்தை, வயது பதினான்கு மாதம். பெயர் இருந்த இடத்தில் அவளுடைய பெயர். பிழையோ என்று மூன்று தடவை படித்தாள். பிழை இல்லை. பின்னால் அண்ணன் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு: "அம்மா இருக்கும்வரை இறந்த தேதி போட வேண்டாம். இது அம்மா சொன்னது."

எழுந்து போனாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, துவைத்த துணிகளைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தாளா?"

துண்டு பாதி மடிப்பில் நின்றது. "சொல்லிட்டுப் போனானா?"

"எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான்."

"காய்ச்சல்தான்... மூணே நாள். உங்கண்ணனுக்கு அப்ப ஆறு வயசு. அவளை இடுப்பை விட்டு எறக்க மாட்டான், பாவம்."

"அவ பேரையே ஏம்மா எனக்கு வெச்சே?"

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாம என்னால இருக்க முடியலடி."

அறுபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயருக்கு "என்னம்மா" என்று ஓடி வந்தவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நெனச்சு, அவளை என்கூடச் சேர்த்து அழிச்சுட்டேன்."

அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நானும் அதைத்தானே செஞ்சேன்."

கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள். பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணனுக்குத் தேதி போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"அப்ப அவளுக்கும் போட்டுடு."

புதிதாகச் சேர்ப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் மென்பொருள் ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில் ஏதோ ஓர் எண்ணைக் கொடுக்கும். அண்ணன் தனக்கு அடுத்து உட்கார வைத்தவளைக் கடைசி வரிசையில் தள்ளுவதா? மூலப்படியில் கை வைக்காதே என்ற அச்சகப் பழக்கத்தில், தொடங்கிய அன்றே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாள். அதற்குத் திரும்பினால் பத்தொன்பது நாள் உழைப்பும் போச்சு. அம்மாவின் கண்ணோ நாளை எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு, பழைய பிரதியைத் திறந்தாள். இரண்டாம் எண் இருந்தது. சான்றிதழைப் பார்த்துத் தேதியை அடித்தாள்.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை எந்த ஜோடியையும் உறையைப் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாக்கவில்லை. முப்பத்தொரு நாள் ஆயிற்று. அச்சான தாள்களை ஒட்டி நடைச் சுவரில் மாட்டியபோது, அம்மாவால் பொடி எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. சித்தப்பாக்கள், அத்தைகள், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் அவளுக்கு வெறும் கோடுகள்தான். பெரிதாகப் போட்டிருந்த ஒரு வரிசை மட்டும், பூதக்கண்ணாடியை ஒட்டி வைத்தால் தெரிந்தது. மூன்று கட்டங்கள். முதல் இரண்டிலும் இரண்டிரண்டு தேதிகள்.

அம்மா நடுக்கட்டத்தின்மேல் விரலை வைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

பின்னால் பசைப்புட்டியோடு நின்றவளுக்கு "என்னம்மா" நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டாள். அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்போதும் அவள் பதில் சொல்லவில்லை.