இரண்டு கையும் இடது கை

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. ஒரு கதை வைத்திருக்கிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் உங்கள் மேல் இல்லை.

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனி ஒன்றில் துணி வெட்டுகிறவள் ஒருத்தி இருந்தாள். வேகத்தைப் பார்த்து முதலாளி வைத்த பேர் மின்னல். பாராட்டாம் பாராட்டு! பேரை வைத்துவிட்டு மூன்று ஆள் வேலையை அவள் தலையில் கட்டினார்.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. காலையில் எழும்போதே தாடை வலிக்கும். புருஷன் மென்று சாப்பிடும் சத்தம் கேட்டால்கூட எரிச்சல்.

"உனக்கு என்னமோ ஆகுதும்மா," என்றான் அவன்.

"ஆமா, உங்களைக் கட்டிக்கிட்டேன்ல, அதுதான் ஆச்சு. மெதுவா மெல்லுங்க!"

சீருடைப் பருவம் வந்தது. ஞாயிறும் வேலை. அங்கே துணியை எல்லாம் ஒரே முகமாக விரித்து அடுக்குவார்கள். சட்டைக் கைக்கான அளவு அட்டையை ஒருமுறை நேராக வைத்து வரைய வேண்டும், ஒருமுறை புரட்டி வைத்து வரைய வேண்டும். அப்போதுதான் இடது கையும் வலது கையும் கிடைக்கும். அன்றைக்கு அவள் புரட்டவே இல்லை. அடுக்கு முழுக்க இடது கை.

தையல் வரிசையில் ஒரே சிரிப்பு. "ஏன்டி மின்னலு, ரெண்டு இடது கை இருக்கிற பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது?"

முதலாளி சிரிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள மறுபடி வெட்டு. அந்த இரும்பு உறையைக் கழட்டிடு, அதுதான் உன்னை மெதுவாக்குது."

விரலைக் காக்கக் கையில் மாட்டுகிற வலை உறை அது. பாவி மனுஷன், அதைக் கழற்றச் சொன்னார். இவளும் கழற்றினாள். வெறுங்கையால் துணியை அமுக்கிப் பிடித்து வெட்டு மெஷினை ஓட்டினாள். கத்தி அவள் சேலைமேல் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் கை நுனியைக் கிழித்துக்கொண்டு போனது. தோலில் படவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. நெஞ்சு படபடக்கவில்லை. வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள். 'இந்த விரல் போனால் கொஞ்ச நாள் வீட்டில் படுக்கலாமே' என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புதான் அவளை உலுக்கியது. மெஷினை அணைத்தாள்.

"என்ன நிறுத்திட்ட?"

"நான் வீட்டுக்குப் போறேன் சார்."

"இப்ப போனா நாளைக்கு வராத!"

"வரல. என் விரல் துண்டா விழுந்தா அதை ஒட்ட வைக்க உங்க கம்பெனில தையக்காரி இருக்காளா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தாள்.

வீட்டில் புருஷனிடம், "எழுப்பாதீங்க. வீடு பத்தினா மட்டும் எழுப்புங்க," என்று சொல்லிப் படுத்தாள். மறுநாள் சாயங்காலம்தான் எழுந்தாள்.

முதலாளி ஆள் அனுப்பினார். "உறையோட வெட்டுவேன், ஒரு ஆள் வேலைதான் செய்வேன், ஞாயிறு வரமாட்டேன்னு சொல்லுங்க," என்றாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் போகவில்லை. இப்போது ஒரு சின்னத் திரைச்சீலைக் கடையில் வெட்டுகிறாள், பத்து விரலோடு.

அந்தக் கம்பெனியில் அவள் வெட்டிய மேஜை முன்னால் இன்று வேறொரு பெண் நிற்கிறாள், வெறுங்கையோடு. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் வீட்டில் உழைத்துத் திரும்புகிறவர்கள் முழு ஆளாகத் திரும்பட்டும். சாப்பாடு ருசிக்கட்டும், படுத்ததும் கண் சொருகட்டும். "போதும்" என்று சொல்ல உங்கள் ஒவ்வொருவருக்கும் வாய் வரட்டும், என் செல்லங்களே.