பச்சை டிக் விழுந்த அபங்கம்

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. புனேயில் சுவரை அவ்வளவு மெல்லிசாகத்தான் கட்டுகிறார்கள்.

பக்கத்து வீட்டு பிடே வங்கியில் ஓய்வு பெற்றதும் புல்லாங்குழல் வாங்கினார். பிறகு தபலா, பிறகு கிடார். எல்லாம் பரணில் தூங்குகின்றன. அடுத்து ஆர்மோனியப் பெட்டி வந்த அன்று அவர் மனைவி சுலபா மாடிப்படியிலேயே அவருக்குத் தீர்ப்புச் சொன்னாள்.

"அஹோ, இந்த வருஷம் கணபதி மேடைல ஒரு அபங்கத்தையாவது முழுசாப் பாடணும். இல்லேன்னா பெட்டி நாசிக்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடும்."

பிடே நடுங்கிப்போனார். அந்தப் பெட்டிமேல் அவருக்கு உண்மையாகவே உயிர். சொந்தத் துண்டால் துடைப்பார். உடனே இணையத்தில், அபங்கம் என்ற மராத்தி பக்திப் பாட்டுக்கு ஒரு பாடகரின் பாடத்தைப் பிடித்தார். பாடகர் ஒரு வரி பாடுவார், நாம் திருப்பிப் பாடச் சற்று இடம் விடுவார், அடுத்த வரிக்குப் போவார். பாடம் முடிந்ததும் திரையில் ஒரு பச்சை டிக் விழும். காலை நடை முடிந்து வரும் சுலபா, செருப்பைக் கழற்றுமுன் அந்த டிக்கைத்தான் பார்ப்பாள்.

என் சமையலறை ஜன்னலுக்கு வேறு கதை தெரியும். அவள் நடைக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பியதும் பிடே கைபேசியைப் பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். பாடகர் பாடுவார். இடம் விடுவார். அந்த இடத்தில் ஒரு குறட்டைகூடக் கேட்காது, அப்படியொரு தூக்கம்.

சுலபாவிடம் சொல்லியிருக்கலாம்தான். அவள் கேட்கவில்லையே. கேட்காமல் போய்ச் சொல்ல நான் என்ன வம்புக்காரியா?

ஆனால் இலையைப் போட்டுவிட்டுச் சோறு போடாத மாதிரி அந்த வெற்றிடம் உறுத்தும். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே நானே பாடிவிடுவேன். மேல்வீட்டு ராஜவாடே, எங்கள் செயலாளர், குளியலறையிலிருந்து பாடுவார். கீழ்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டே பாடுவார்கள்.

கணபதி விழாவும் வந்தது. முன்வரிசையில் சுலபா, கையைக் கட்டிக்கொண்டு. பிடே ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு வாயைத் திறந்தார். என்ன ஆச்சரியம், முதல் வரி சுத்தமாக விழுந்தது! தூக்கத்திலேயே ஏறியிருக்கிறது. ஆனால் அந்தப் பாடகரைப் போலவே நிறுத்தவும் செய்தார். அதுவும் சேர்ந்தே ஏறியிருந்தது.

அந்த மௌனத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. பின்னால் ராஜவாடே. அவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் அத்தனையும். சொசைட்டியே அந்த வரியைத் திருப்பிப் பாடியது. பிடே திடுக்கிட்டார், சமாளித்து அடுத்த வரியைப் பாடினார், நிறுத்தினார். நாங்கள் பாடினோம். கடைசிவரை இப்படியே.

"சபையையே பாட வெச்சுட்டீங்களே, காகா!" என்று ராஜவாடே கட்டிக்கொண்டார்.

சுலபா கை தட்டவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"ஷாலன் வஹினி, நீங்க இந்தப் பாட்டை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க போவேன்? காலைல உங்க வீட்லேர்ந்துதான் கேக்குமே."

"அவர் கூடவே பாடுவீங்களோ?"

நான் ஒரு மோதகத்தை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். அவளுக்கு அது போதும். கணவர் பக்கம் திரும்பினாள்.

"அஹோ! பாடகர் விட்ட இடத்துல உங்க குரல் இருந்திருந்தா, இவங்களுக்கெல்லாம் பாட ஏது இடம்?"

"முழுசாப் பாடிட்டேனே, சுலு!"

"பாதி. மீதியை சொசைட்டி பாடிச்சு."

பிடேயின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ... பெட்டி?"

"பெட்டி எங்கயும் போகல. நானும் இனிமே நடைக்குப் போகல."

மறுநாளிலிருந்து கதவைத் திறந்துவைத்து, தேநீர்க் கோப்பையோடு எதிரே உட்கார்ந்துவிடுகிறாள். பாடகர் வரி பாடுகிறார், இடம் விடுகிறார். இப்போது அந்த இடத்தில் முழு விழிப்போடு பிடேயின் குரல் வருகிறது. தூக்கத்தில் ஏறியதெல்லாம் தூக்கத்தோடு போய்விட்டது போலும். இந்த அக்டோபர் புழுக்கத்திலும் கட்டடம் முழுக்க ஜன்னல்கள் சாத்திக் கிடக்கின்றன.

நேற்று ராஜவாடே படியில் என்னை மடக்கினார்.

"வஹினி, அந்த நாசிக் தங்கச்சியோட நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

என்னிடம் இல்லாமலா?