சகாயராணியின் சால்

மதியத்துக்குள் தக்காளியைப் பறித்து வண்டியேற்ற வேண்டும். ஞானமேரிக்குக் காலையிலிருந்தே கை கால் ஓடவில்லை. பறிக்க வருகிறேன் என்ற சகாயராணியையும் காணோம்.

"நேத்து தலைய ஆட்டுனா. இப்ப பாரு, வூட்ல சொகமா படுத்திருப்பா!" என்று வரப்பில் நின்று பொரிந்து தள்ளினாள்.

அப்போது மாதா கோயிலில் சாவு மணி அடித்தது. அடக்கம் முடியும்வரை அந்த ஊரில் யாரும் காட்டு வேலை செய்வதில்லை.

"சாவறதுக்கு இன்னைக்குத்தானா நாள் கெடச்சுது?" என்றாள் ஞானமேரி.

ரோட்டில் போன இனிகோ பைக்கை நிறுத்தினார். "நம்ம சகாயராணிதாங்க. தூக்கத்துலயே போயிடுச்சு."

பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை வைத்துவிட்டுச் சாவு வீட்டுக்கு நடந்தார்கள். சகாயராணி பறிக்கட்டும் என்று விட்டிருந்த சாலில், அந்த ஒரு செடி வரிசை முழுக்க, தக்காளி சிவந்து கிடந்தது. ஞானமேரி வண்டிக்காரனுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றாள்.

"ஏங்கக்கா?"

"ஒரு ஆளு வரலப்பா."