ஆறு சுவிட்ச், மூன்று இன்புட்

மூன்றாவது தடவையாக எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். பின்னறையில் என் வீட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு, தானே உருவாக்கிய, கம்ப்யூட்டர் சொல்படி மரப்பலகை வெட்டும் சிஎன்சி மெஷினுக்கு லிமிட் சுவிட்ச் மாட்டிக்கொண்டிருந்தார். கட்டர் ஓரத்தில் போய் முட்டாமல் நிறுத்துகிற சுவிட்ச். மொத்தம் ஆறு. கன்ட்ரோல் போர்டில் சுவிட்ச் ஒயர் மாட்ட இருப்பதோ மூன்றே இன்புட்.

அவருக்கு வேலை போய் ஐந்து மாதம். மரப்பொம்மைக் கடைக்காரம்மா இன்று நாலு மணிக்கு வந்து, மெஷின் ஓடுவதைப் பார்த்துப் பிடித்துப்போனால் மாதாமாதம் ஆர்டர். அதை நம்பித்தான் இருக்கிறோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடமாக லிமிட் சுவிட்சோடுதான் குடித்தனம். ஆனால் வாயைத் திறந்தால், "இது உன் லிஃப்ட் இல்ல" என்று அடைத்துவிடுவார். வீட்டு வைத்தியருக்கு எந்த வீட்டில் மரியாதை?

"ரெண்டு ரெண்டா ஒரே இன்புட்ல சேர்த்துட்டேன், பாரு." கட்டர் நகரும்போது ஒரு சுவிட்சை விரலால் அழுத்தினார். நின்றது. முகமெல்லாம் பல்.

"அழுத்தினாத்தான் கரண்ட் போகுதா?"

"ஆமா. இல்லன்னா சும்மா இருக்கும்."

பொறுக்க முடியவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து அந்தச் சுவிட்சின் ஒயரை நறுக்கினேன்.

"பைத்தியமா உனக்கு?"

"இப்ப ஓட்டிட்டு அழுத்துங்க."

அழுத்தினார். கட்டர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. முட்டுவதற்குள் சிவப்புப் பட்டனைக் குத்தினேன்.

"எல்லாம் சரியா இருந்தாலும் சும்மா இருக்கும், ஒயர் அறுந்தாலும் சும்மா இருக்கும். எப்படித் தெரியும்? லிஃப்ட்ல கரண்ட் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். அழுத்தினாலும் நிக்கும், அறுந்தாலும் நிக்கும். ரெண்டு ரெண்டு சுவிட்சா அப்படி வரிசையா கோத்துடுங்க. அதே மூணு இன்புட் போதும். சீக்கிரம், அந்தம்மா வந்துடுவாங்க."

"வரமாட்டாங்க."

"என்னது?"

"முந்தாநாளே போன் பண்ணிட்டாங்க. வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்."

கையிலிருந்த பிளேயரைத் தரையில் போட்டேன்.

"என்ன விஷயம்னு ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருக்கேன், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னீங்களே!"

அவர் அறுந்த ஒயரின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். ஆத்திரம் தீரக் கத்தினேன். நானும்தான், சும்மா இருக்கிறாரே, சரியாக இருக்கிறார் போல என்று ஐந்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. கத்தி ஓய்ந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஒயரின் தோலை உரித்துக் கொடுத்தேன்.

"இன்னும் என்னல்லாம் மறைச்சு வெச்சிருக்கீங்க? சொல்லிக்கிட்டே கோத்து முடிங்க."

ஆறு சுவிட்சையும் கோத்து முடித்த பிறகும் அவர் சொல்லி முடிக்கவில்லை.