ஒன்றுக்குப் பிறகு பத்து

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் போயாக வேண்டும்.

அவள் அனுப்பிய ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பீட்டாளர் இரண்டே வரி எழுதியிருந்தார். நீங்கள் புதிது என்று சொல்லும் மீனின் மரபணு வரிசை, தரவுத்தளத்தில் செங்கெண்டை என்றிருக்கும் பதிவுகளோடு அப்படியே பொருந்துகிறது. இது புதிய இனம் அல்ல.

செங்கெண்டைக்கு மீசை உண்டு. அவள் ஓடையில் இடுப்பளவு நீரில் நின்று பிடித்த மீனுக்கு இல்லை. கட்டுரையில் வைத்த படத்தை யார் பார்த்தார்கள்?

வியாழக்கிழமை காலை மறுபடி தேடினாள். அந்தப் பெயரில் எட்டுப் பதிவுகள். நீளத்தை வைத்து அடுக்கினாள். பிடித்த இடத்தை வைத்து அடுக்கினாள். ஒன்றும் துலங்கவில்லை. தேதியை வைத்து அடுக்கியதும் ஒன்று மட்டும் தனியாக மேலே போய் நின்றது. மற்ற ஏழும் பல வருடம் பிந்தியவை. ஏழிலும் ஒரே குறிப்பு: முந்தைய பதிவோடு ஒப்பிட்டுப் பெயர் வைக்கப்பட்டது.

முந்தைய பதிவைப் போட்டவர் அக்காவின் கணவர்.

அவர் அன்று பன்னிரண்டு மீன்களைப் பதிந்திருந்தார். எல்லாவற்றையும் திறந்தாள். ஐந்தாவதின் பெயர் கெளுத்தி. வரிசையோ கெண்டைக் கூட்டத்தில் போய் ஒட்டியது. பென்சிலை எடுத்தாள். மதியம் சாப்பிடவில்லை.

மீனுக்கு ஒன்றாக இருக்கும் வரிசைக் கோப்புகளின் பெயரிலுள்ள எண்ணைக் கணினி எழுத்தாகவே படிக்கும். ஒன்றுக்குப் பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம்தான் இரண்டு. அவர் பெயர்களை மனிதர் எண்ணும் முறையில் எழுதி, வரிசைகளைக் கணினி அடுக்கிய முறையில் பக்கத்தில் ஒட்டியிருந்தார். முதல் மீனைத் தவிர எல்லாம் இடம் மாறிவிட்டன.

தரவுத்தளத்துக்கு எழுதினாள். பதிவிட்டவர் கேட்டால்தான் திருத்துவோம் என்று உடனே பதில் வந்தது. அத்தானுக்கு ஆறு முறை போன் செய்தாள். பிறகு அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

"வாடி மீன்காரி," என்றாள் அக்கா. "என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?"

"அத்தான் போனை எடுக்க மாட்டேங்கிறார்."

"எனக்கே எடுக்க மாட்டார். நீ எந்த மூலைக்கு?"

அத்தான் அவள் நீட்டிய தாளைக் கண்ணாடி போடாமலே பார்த்தார்.

"எட்டுப் பேர் சொல்றது தப்பு, நீ ஒருத்தி சொல்றது சரியா?"

"ஏழு பேரும் உங்களைப் பார்த்து எழுதினவங்க, அத்தான்."

"அந்தப் பதிவாலதான் எனக்குப் பதவி உயர்வே வந்துச்சு."

"அதை யாரும் திருப்பிக் கேக்கலையே. ஒரு மெயில் போடுங்க. பதிவு என்னுது, பெயர்கள் மாறிப்போச்சு, திருத்துங்கன்னு. அதை மதிப்பீட்டாளருக்குக் காட்டினா போதும்."

"பார்க்கலாம். அடுத்த வாரம்."

"நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் நேரம். கட்டுரை போச்சுன்னா என் வேலையும் போச்சு."

அவர் தொண்டையைச் செருமினார். அக்கா மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டினாள்.

"முதல்ல படிங்க. அப்புறம் அடம் பிடிக்கலாம்."

படித்தார். விரலைத் தாளில் ஓட்டிக்கொண்டே கீழே வந்தார். பத்தில் நின்றார்.

"செங்கெண்டைன்னு போட்டது இரண்டாவது."

"அதுல இருக்கிறது உங்க பத்தாவது மீனோட வரிசை. என் மீனும் அதுவும் ஒண்ணுதான். அந்தப் பத்தாவதோட படம் இருக்கா?"

எழுந்து உள்ளே போனார். பழைய மடிக்கணினியோடு வந்தார். அது திறக்க நெடுநேரம் ஆனது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். படம் வந்தது. சின்ன மீன். மீசை இல்லை. அடியில் அவரே எழுதியிருந்தார்: பெயர் தெரியவில்லை.

"இதுதான்," என்றாள். "இதேதான் அத்தான்."

அவர் படத்தைப் பெரிதாக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"அப்போ இதை முதல்ல பிடிச்சது நான்."

"பிடிச்சீங்க. கவனிக்கலை."

"மெயில்தானே, இப்பவே எழுதிடறேன்." விசைப்பலகையில் கை வைத்தார். எதையும் தட்டவில்லை.

"கட்டுரைல எழுதினவங்க பேர்ல முதல் பேர் யாரோடது?"