பீரோ ஏறாத வண்டி

முத்துராஜா தன் பழைய காரைப் பழனிசெட்டிபட்டியில் ஜான்சியின் கடை முன்னால் நிறுத்தினார். கார்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிற கடை. கம்பத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை பவானியை அன்று அவர் சாமான்களோடு தன் வீட்டுக்கே கூட்டிவர வேண்டும். அவள் புருஷன் சுருளிராஜன் காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. லோடு வண்டி பிடிக்கலாம்தான். ஆனால் வீட்டையே காலி பண்ணுவதுபோல அந்தத் துக்க வீட்டு வாசலில் அதைக் கொண்டுபோய் நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை.

வண்டிக் கூரைமேல் சாமான் ஏற்ற மாட்டுகிற இரும்புக் கேரியர் ஒன்று சுவரில் சாத்தியிருந்தது. அதைக் காட்டினார்.

"அது ஜீப்புக்குண்ணே," என்ற ஜான்சி வெளியே வந்து காரின் கூரையைத் தடவிப் பார்த்தாள். "ஜீப்புக் கூரையில தண்ணி ஓட விளிம்பு இருக்கும், அதக் கவ்விக்கிரும். சில வண்டில நீளமாக் கம்பி இருக்கும். உங்களுதுல ரெண்டும் இல்ல. கதவு இடுக்குல கொக்கி மாட்டி இறுக்குற கேரியர்தான் சேரும். என்ன ஏத்தப் போறீக?"

"ஒரு பீரோ. கொஞ்சம் சாமான்."

"பீரோ தாங்காதுண்ணே. கூரை நெளிஞ்சுரும். அம்பது கிலோவோட நிறுத்திக்கங்க."

வேறு வழியில்லாமல் கொக்கிக் கேரியரையே மாட்டச் சொன்னார்.

கம்பத்தில் பவானியின் மாமியார் கஸ்தூரியம்மாள் பீரோவைத் துடைத்து நடையில் தயாராக வைத்திருந்தாள். பவானியை அழைத்துப் போகச் சொன்னதே அவள்தான். "வயசுப் பிள்ளை தம்பி. என்னையப் பாத்துக்கிட்டு இங்கனயே கெடந்து அழிய வேணாம்," என்று போனில் சொல்லியிருந்தாள்.

"பீரோ ஏறாது அத்தை," என்றார் முத்துராஜா.

கஸ்தூரியம்மாளின் முகம் வாடியது. "அவ சீராக் கொண்டாந்தது தம்பி. வேற வண்டி பிடிச்சாவது அனுப்பிருறேன்."

"வேணாம் அத்தை, இங்கனயே இருக்கட்டும்," என்றாள் பவானி. "அவுக சட்டையெல்லாம் அதுலதான இருக்கு. தெனம் நீங்க அதத் தெறந்து வச்சுக்கிட்டு நிக்கிறத நான் பாத்திருக்கேன்."

கஸ்தூரியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பவானி அருகில் போய் அவள் முதுகைத் தொட்டாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். முத்துராஜா தெருவில் இறங்கி நின்றுகொண்டார்.

ஒரு டிரங்குப் பெட்டி, மெத்தை, இரண்டு மூட்டை. அவ்வளவுதான் ஏறியது. கயிற்றின் ஒரு முனையைக் கஸ்தூரியம்மாளே இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள்.

சின்னமனூரில் நிறுத்தி முத்துராஜா கொக்கிகளை அசைத்துப் பார்த்தார். காருக்குள் பவானி போன் போட்டாள்.

"சாப்டீகளா அத்தை?"

"இப்பத்தான் ஆத்தா. வயிறாரச் சாப்டேன்."

அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது பவானிக்குத் தெரியும். போனைக் காதோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் அத்தையும் போனைத் துண்டிக்கவில்லை.