சோதனை சர்வரிலிருந்து போன எச்சரிக்கை

முத்துச்செல்வி பொத்தானை அழுத்தியபோது காலை பதினொன்று பத்து. அடுத்த நிமிடமே அவளுடைய கைப்பேசி அடித்தது. விடுதியில் அவளுடைய அறைத்தோழி செல்வலட்சுமி. ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலையில் வேலை பார்ப்பவள். ஷிஃப்ட் நேரத்தில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"ஏட்டி, கேஸ் லீக்காம்! எல்லாருக்கும் மெசேஜ் வந்திருக்கு. ஓடிக்கிட்டு இருக்கோம்."

முத்துச்செல்வி திரையைப் பார்த்தாள். அந்தச் செய்தியை அனுப்பியவள் அவள்தான்.

படப்பையில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் நாலு பேர் கம்பெனி அவர்களுடையது. ஆலைகளுக்கு அபாய எச்சரிக்கை அனுப்பும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க, பல சிறு கம்பெனிகள் பங்கு போட்டுக்கொள்ளும் மலிவான சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதில் பொய்யான கைப்பேசி எண்கள்தான் இருக்க வேண்டும். ஆனால் முந்தின நாள் கூட வேலை பார்க்கும் சுபாஷ் ஒரகடம் ஆலைத் தொழிலாளர்களின் உண்மையான எண்களை ஏற்றிப் பார்த்துவிட்டு அழிக்க மறந்திருந்தான். அவளும் சரிபார்க்காமல் அழுத்திவிட்டாள்.

"சுபாஷ், நெச நம்பருக்குல்லா போயிருக்கு!"

அவன் எழுந்து ஓடிவந்தான். "நிறுத்து, நிறுத்து!"

நிறுத்தும் பக்கம் திறக்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதே சர்வரில் வேறு எந்தக் கம்பெனியோ பெரிய வேலை ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு மூச்சுவிட இடமில்லை. ஆனால் ஏற்கெனவே கிளம்பிவிட்ட எச்சரிக்கை மட்டும், யாராவது நிறுத்தும்வரை நிமிடத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருக்கும்.

"பின் கேட்டு பூட்டிக் கெடக்குட்டி!" செல்வலட்சுமி அலறினாள். "பின்னால இருந்து நெரிக்காங்க..."

"லீக்கு இல்லட்டி! கேக்குதா?" இணைப்பு அறுந்திருந்தது.

முத்துச்செல்வி ஆலையின் பாதுகாப்பு அதிகாரி புருஷோத்தமனின் எண்ணைத் தேடினாள். சுபாஷ் குறுக்கே வந்தான். "இன்னா சொல்லப் போற? சர்வர்ல ஏதோ ஆயிடுச்சின்னு சொல்லு. நம்ம தப்புன்னு தெரிஞ்சா அவ்ளோதான், மூட்டை கட்டிக்கினு போவ வேண்டியதுதான்."

அவள் அவனை விலக்கிவிட்டு அழைத்தாள்.

"சார், முதல்ல பின் கேட்டைத் தொறக்கச் சொல்லுங்க. ஆளுக நெரிபடுறாங்க. கேஸ் லீக் இல்ல சார். தப்பா செய்தி அனுப்பினது நான்தான்."

"பின் கேட் பூட்டியிருக்கா?" என்று கேட்டபடியே அவர் ஓடும் சத்தம் கேட்டது.

சுபாஷ் சர்வர் கம்பெனிக்காரர்களைப் பிடித்து, தங்கள் பங்கை மட்டும் அணைக்கவைக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று.

உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் முறிந்தது. செல்வலட்சுமியின் வலது முழங்கை பிசகியது. பிற்பகல் ஆலையில் எல்லாருக்கும் முன்னால் முத்துச்செல்வி நின்றாள். புருஷோத்தமன் அவளைத் திட்டித் தீர்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற காவலாளிகளின் மேற்பார்வையாளரிடம் திரும்பி, பின் கேட்டை யார் சொல்லிப் பூட்டினாய் என்று கேட்டார். ஷிஃப்ட் முடியும் முன்னே யாரும் நழுவிவிடக் கூடாதென்று மாதக்கணக்காகப் பூட்டியே வைத்திருந்தார்களாம். அன்றே அந்தக் கேட்டின் பூட்டும் சங்கிலியும் கழன்றன. செயலிக்கான ஒப்பந்தமும் அன்றே ரத்தானது.

சாயங்காலம் விடுதியில் செல்வலட்சுமி கட்டுப் போட்ட கையோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நெசமாவே கசிஞ்சிருந்தா, அந்தக் கேட்டுக்கிட்டயே கெடந்திருப்போம்" என்றாள், திரும்பாமலே.

முத்துச்செல்வி சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் கவளத்துக்குச் செல்வலட்சுமி வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதற்குத் திறந்தாள்.